எழுத்துப் பிரதியும் மேடைப் பேச்சும்: எம்.ஆர்.ராதாவின் நாடக, திரை வாழ்க்கை

ஆய்வுச் சுருக்கம்

எம்.ஆர்.ராதாவின் நடிப்புக்கலை எழுதப்பட்ட வசனத்தைக் காட்டிலும் மேடையில் அவ்வப்போது பிறந்த பேச்சையே பெரிதும் நம்பி நின்றது. அவரது மேடை நடிப்பு பதிவு செய்யப்படாத நிலையில், இன்றைய ஆய்வுகள் அவர் நடித்த திரைப்படங்களையே மேடைக்குச் சான்றாகக் கொள்கின்றன. பாலர் நாடகக் குழுக்களில் அவர் பெற்ற பயிற்சி, 1954ஆம் ஆண்டின் நாடகச் சட்டம், அதே ஆண்டில் வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’ திரைப்படம், பிற்காலத் துணைப் பாத்திரங்கள் ஆகியவற்றின்வழி, திரையிலிருந்து மேடையை எந்த அளவுக்கு மீட்க முடியும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எம்.ஆர்.ராதா, ரத்தக்கண்ணீர், பாலர் நாடகக் குழு, நாடகத் தணிக்கை, திராவிட இயக்க நாடகம், விந்தன்

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றில் எம்.ஆர்.ராதாவைப் (1907–1979) பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் மூன்று செய்திகளைச் சுற்றியே அமைந்துள்ளன. ‘ரத்தக்கண்ணீர்’ என்னும் நாடகமும் அதன் திரைவடிவமும் ஒன்று. புராணக் கதைமாந்தரைக் கேலிக்குரியவராக்கிய ‘இராமாயணம்’ நாடகமும் அதனால் எழுந்த தடைகளும் மற்றொன்று. 1967ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட நிகழ்வு மூன்றாவது. இம்மூன்றும் செய்தித்தாளின் தலைப்புக்குரியவை. இவற்றுக்கிடையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, இரவுதோறும் அரிதாரம் பூசி நடித்த ஒரு தொழில்முறை நடிகரின் அன்றாடக் கலை கவனிக்கப்படாமல் போயிற்று.

இதற்குச் சான்றுகளின் தன்மையே முதற்காரணம் ஆகும். திரைப்படச் சுருள்கள் எஞ்சியுள்ளன. மேடை நிகழ்ச்சிகள் எஞ்சவில்லை. எனவே ராதாவின் மேடையைப் பற்றி எழுதுவோர் ‘ரத்தக்கண்ணீர்’ படத்தின் காட்சிகளை எடுத்துக்காட்டி, ‘மேடையில் அவர் இவ்வாறு நடித்தார்’ என்று கூறிவிடுகின்றனர். அது வசதியான வழி. ஆனால் இரவுக்கு இரவு மாறிய ஒன்றை, ஒருமுறை படமாக்கப்பட்டு உறைந்துபோன ஒன்றைக்கொண்டு அளப்பதில் உள்ள இடர்ப்பாடு அவ்வெழுத்துகளில் எண்ணிப்பார்க்கப்படுவதில்லை. ராதாவைப் பொறுத்தவரையில் இது வெறும் முறையியல் சிக்கலன்று. அவர்மீது அரசு எடுத்த நடவடிக்கைகளும், அவர்தம் கொள்கைப் பரப்புரையின் வலிமையும் இந்த ‘மாறும் பேச்சு’ என்பதோடு நேரடித் தொடர்புடையவை.

பாலர் குழுவும் பாடாத நடிகரும்

சென்னையில் பிறந்த இராதாகிருஷ்ணன் சிறுவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி நாடகக் குழுவில் சேர்ந்தார். முறையான பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் இயங்கிய பாலர் நாடகக் குழுக்கள், வறிய குடும்பத்துச் சிறுவர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்துத் தொழிலும் கற்பித்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா இவற்றுள் பெரும்புகழ் பெற்றது, டி.கே.எஸ். சகோதரர்கள் அதன் வழிவந்தோர். ராதா ஜெகந்நாத ஐயர் குழுவிலும் பின்னர் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவிலும் நடித்தார். பிற்காலத்தில் சிவாஜி கணேசன் எனப் புகழ்பெற்ற சிறுவன் கணேசனும் பொன்னுசாமிப் பிள்ளை குழுவில் பயின்றவரே.

இக்குழுக்களில் நாடகம் படித்துக் கற்கப்படுவதன்று, கேட்டுக் கற்கப்படுவது. வாத்தியார் பாடம் சொல்ல, சிறுவர்கள் திருப்பிச் சொல்லி மனனம் செய்தனர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் எனப் பாத்திர வகைகள் பகுக்கப்பட்டிருந்தன. இவற்றுள் முதல் இரண்டும் குரல்வளத்தை நம்பியவை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு பாடுவோரே தலைமைப் பாத்திரங்களைப் பெற்றனர். எஸ்.ஜி.கிட்டப்பாவின் காலம் அது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த சிறுவன் ஒரே வாரத்தில் தன் இடத்தை இழந்து, திரை இழுப்பவனாகவோ எடுபிடியாகவோ மாறுவதும் உண்டு.

ராதா பாடகர் அல்லர். இசை நாடக மேடையில் இது பெருங்குறை. ஆயினும் பபூனுக்கும் கள்ளபார்ட்டுக்கும் அம்மேடை ஓர் உரிமையை வழங்கியிருந்தது. ராஜபார்ட் நடிகர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடலைச் சொல் மாற்றாமல் பாட வேண்டும். பபூனோ உள்ளூர்ச் செய்தியைப் பேசலாம், முன்வரிசையில் அமர்ந்திருப்பவரைக் கிண்டல் செய்யலாம், கதையை விட்டு வெளியே வந்து பேசிவிட்டு மீண்டும் கதைக்குள் நுழையலாம். ராதாவின் பிற்காலக் கலைக்கு இவ்வுரிமையே வித்து எனக் கருத இடமுண்டு. பபூனுக்கு மட்டும் இருந்த அந்த உரிமையை அவர் கதைத்தலைவனின் கைக்கு மாற்றினார். டி.கே.சண்முகம் போன்றோர் அதே பாலர் குழு மரபிலிருந்து வந்து, ஒழுங்கும் பிரதிப் பற்றும் மிக்க நாடக முறையை வளர்த்தனர் என்பதையும், நவாப் இராஜமாணிக்கம் புராண நாடகங்களைக் காட்சி வியப்புகளோடு நிகழ்த்தினார் என்பதையும் இங்கே ஒப்புநோக்கலாம். ஒரே பயிற்சிக்களத்திலிருந்து மூன்று வேறு வழிகள் பிரிந்தன.

1937இல் ‘ராஜசேகரன்’ படத்தின்வழித் திரையுலகில் நுழைந்த ராதா, ‘சந்தனத்தேவன்’, ‘பம்பாய் மெயில்’ (இரண்டும் 1939) முதலிய சில படங்களில் நடித்தபின் 1940களின் தொடக்கத்தில் திரையை விட்டு மேடைக்கே திரும்பினார். அதன்பின் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் படங்களில் நடிக்கவில்லை. திரைப்படம் நாடக நடிகர்களை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் எதிர்த்திசையில் நடந்த இந்தப் பயணம் அரிதானது.

பிரதியைத் தாண்டிய பேச்சு

ராதா சொந்தக் குழு நடத்திய காலத்தில் ‘இழந்த காதல்’, ‘விமலா அல்லது விதவையின் கண்ணீர்’, ‘லட்சுமிகாந்தன்’, ‘தூக்குமேடை’, ‘போர்வாள்’, ‘ரத்தக்கண்ணீர்’ முதலிய நாடகங்களை நிகழ்த்தினார். பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளில் ஊன்றியவர் அவர். பட்டுக்கோட்டை அழகிரி அவருக்கு ‘நடிகவேள்’ என்னும் பட்டத்தை வழங்கினார். ‘தூக்குமேடை’யை எழுதிய மு.கருணாநிதிக்குக் ‘கலைஞர்’ என்னும் அடைமொழி ராதாவின் வழியாக வந்தது. நடிகர்களைப் பொதுவாக மதிக்காத பெரியார், சென்னைப் பெரியார் திடலில் அமைந்த அரங்கிற்கு ‘ராதா மன்றம்’ எனப் பெயர் சூட்டினார் என்பது அவர் பெற்ற தனியிடத்தைக் காட்டும்.

இந்நாடகங்களின் பொருள், கைம்பெண் மறுமணம், மூடநம்பிக்கை எதிர்ப்பு, செல்வர்களின் போலித்தனம் என அக்கால இயக்க நாடகங்கள் பலவற்றுக்கும் பொதுவானதே. வேறுபாடு நிகழ்த்து முறையில் இருந்தது. அண்ணாவும் கருணாநிதியும் எழுத்தாளர்கள். அவர்களது நாடகங்களில் அடுக்குமொழி வசனம் நடிகரைவிட ஓங்கி நின்றது. ‘மனோகரா’விலும் ‘பராசக்தி’யிலும் நடிகரின் பணி அந்த வசனத்தின் தாளத்தைப் பிசகாமல் ஒலிப்பது. ராதாவின் மேடையில் செந்தமிழ் அடுக்கு வசனத்துக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. சென்னைப் பேச்சு வழக்கு, கொச்சை, ஆங்கிலச் சொற்கள், திடீரென்று கீழிறங்கி முணுமுணுக்கும் குரல், அடுத்த நொடியில் மேலெழும் கீச்சுக்குரல் ஆகியவற்றால் அவர் வசனத்தை உடைத்துப் பேசினார். அன்றைய செய்தித்தாளில் வந்தது அன்றிரவே மேடைக்கு வந்துவிடும் என அவரது நாடகங்களைக் கண்டோர் பலரும் குறிப்பிடுகின்றனர். கூட்டத்திலிருந்து எழும் கூச்சலுக்கு அவர் பாத்திரத்தின் குரலிலேயே மறுமொழி சொல்வார். எதிர்ப்பாளரின் குறுக்கீடும் நாடகத்தின் பகுதியாகிவிடும்.

‘லட்சுமிகாந்தன்’ நாடகம் இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மஞ்சள் பத்திரிகை நடத்திய சி.என்.லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கொலையுண்டார். அவ்வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு சென்றபின் 1947இல் விடுதலையாயினர். ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த செய்தியை ராதா மேடையில் ஏற்றினார். தமிழ் மேடை புராணத்தையும் வரலாற்றையும் நடித்துக்கொண்டிருந்தபோது, நேற்றைய நீதிமன்றச் செய்தியும் நாடகத்துக்குரிய பொருளே என்பதை இம்முயற்சி உணர்த்தியது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இவ்வாறு இரவுதோறும் மாறும் நாடகத்தின் ஆசிரியர் யார்? ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை எழுதியவர் திருவாரூர் கே.தங்கராசு. இயக்கச் சொற்பொழிவாளரான அவரது பெயரை நடிகரின் புகழ் மறைத்துவிட்டது வருந்தத்தக்கது. கதையமைப்பும் பாத்திர முரண்களும் அவருடையவை. ராதாவின் சேர்க்கைகள் நின்றுவிளையாட அவ்வமைப்பே இடம்கொடுத்தது. உறுதியான கதைச்சட்டகம் இல்லாவிடில் இடையில் சேர்க்கும் பேச்சு வெறும் துணுக்காகச் சிதறியிருக்கும்.

1954: சட்டமும் திரைப்படமும்

ஆங்கில ஆட்சி 1876இல் இயற்றிய நாடக நிகழ்ச்சிகள் சட்டம், வங்காளத்தில் எழுந்த ஆட்சி எதிர்ப்பு நாடகங்களை அடக்குவதற்காகப் பிறந்தது. விடுதலைக்குப் பின்னும் அது நடைமுறையில் நீடித்தது. சென்னை மாநில அரசு 1954இல் தனக்கெனப் புதிய நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றியது. ராதாவின் ‘இராமாயணம்’ நாடகம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்துக்கொண்டிருந்த ஆண்டும் அதுவே. ‘இச்சட்டம் ராதா ஒருவருக்காகவே கொண்டுவரப்பட்டது’ என்னும் கூற்று இயக்க எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. சட்டத்தின் வாசகத்தில் அவர் பெயர் இடம்பெற வழியில்லை. திராவிட இயக்கத்தார் பலரின் நாடகங்களும் அப்போது அரசின் கவனத்தில் இருந்தன. எனவே அக்கூற்றை முழு உண்மையாகக் கொள்ளாமல், ராதாவின் நாடகம் அச்சட்டத்திற்கு உடனடித் தூண்டுதல்களுள் முதன்மையானது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

‘இராமாயணம்’ நிகழ்ந்தபோது, மனம் புண்படக்கூடியவர்கள் தம் நாடகத்திற்கு வரவேண்டாம் என்ற பொருளில் ராதா விளம்பரம் செய்ததாகப் பல நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. இவ்விளம்பரம் வெறும் குறும்பு அன்று. அனுமதிச்சீட்டு வாங்கி உள்ளே வருபவர் தாமே விரும்பி வருகிறார், எனவே புண்பட்டதாக முறையிட அவருக்கு உரிமையில்லை என்னும் சட்ட வாதம் அதில் அடங்கியுள்ளது. ஆயினும் அவ்வாதம் அவரைக் காக்கவில்லை. நாடகம் தடைக்குள்ளானது, அவர் கைதும் செய்யப்பட்டார்.

சட்டத்தின் செயல்முறை இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாதது. ஆட்சேபத்துக்குரிய நாடகத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தோடு, நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்டுப் பெறும் அதிகாரமும் அதிகாரிகளிடம் இருந்தது. பிரதியைப் படித்தால் நாடகம் தெரிந்துவிடும் என்பது இம்முறையின் அடிப்படை நம்பிக்கை. டி.கே.எஸ். குழு போன்ற பிரதிவழி நடக்கும் குழுக்களுக்கு அது பொருந்தும். ராதாவின் நாடகத்துக்குப் பொருந்தாது. ஒப்படைக்கப்பட்ட பிரதியில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லாத வரி, குரலை மாற்றிச் சொன்னமாத்திரத்தில் ஆட்சேபத்துக்குரியதாகிவிடும். ஒரு கைச்சைகை, ஓர் இடைவெளி, கூட்டத்தை நோக்கிய ஒரு பார்வை எந்தப் பிரதியிலும் எழுதப்படுவதில்லை. பிரதியைத் தடைசெய்வதோடு நில்லாமல் நடிகரையே கைது செய்யும் நிலைக்கு அரசு சென்றதை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளை அலகாபாத் உயர்நீதிமன்றம் 1956இல் அரசமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. தமிழகச் சட்டமோ ராதாவின் மறைவுக்குப் பின்னும் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. நாடகக் கலைஞரும் இதழாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் அதன் முதன்மை விதிகளைச் செல்லாதவையாக்கியது. பிரதி கேட்டு அலைக்கழித்த முறையால் துன்புற்றவர்கள் ராதாவுக்குப் பின்வந்த நவீன நாடகக் குழுவினர் என்பதையும் அவ்வழக்கு நினைவூட்டுகிறது.

நாடகச் சட்டம் மாநில அரசின் கையில் இருந்தது. திரைப்படத் தணிக்கையோ 1952ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்கீழ் இயங்கியது. படம் ஒருமுறை பார்க்கப்பட்டுச் சான்று பெற்றுவிட்டால், எந்த ஊரில் எந்த இரவில் ஓடினாலும் அதே படம்தான். ‘ரத்தக்கண்ணீர்’ 1954 அக்டோபரில் தீபாவளிப் படமாக வெளிவந்தது. மேடைப்பேச்சு நெருக்கப்பட்ட அதே ஆண்டில், அப்பேச்சின் ஒரு வடிவம் சான்றிதழோடு தமிழகத்தின் எல்லாக் கொட்டகைகளுக்கும் சென்றது. இதை ராதாவின் வெற்றி என்று மட்டும் காண்பது போதாது. திரையில் அவர் பேச்சு இனி மாறாது. அதிகாரத்துக்கு அச்சம் தந்த தன்மை அதனிடம் இனி இல்லை.

‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் மேடையின் தடயங்கள்

நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் தயாரிப்பில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய இப்படத்தில் ராதா வெளிநாட்டிலிருந்து திரும்பும் செல்வர் மோகனசுந்தரமாக நடித்தார். ஸ்ரீரஞ்சனி மனைவி சந்திராவாகவும், எம்.என்.ராஜம் காந்தாவாகவும், எஸ்.எஸ்.ராஜேந்திரன் நண்பர் பாலுவாகவும் நடித்தனர். மேடை நிகழ்ச்சிகள் தடைபடாதவாறே படப்பிடிப்பு அமைய வேண்டும் என ராதா நிபந்தனை விதித்ததாகப் பரவலாகக் கூறப்படுகிறது. படம் எடுக்கப்பட்டபோதும் அவருக்கு முதன்மைத் தொழில் மேடையே என்பதற்கு அவரது தொழில் அட்டவணையே சான்று.

படம் வெளியானபோது ராதாவுக்கு வயது நாற்பத்தேழு. புதிதாக மணமுடிக்கும் இளைஞனாக அவர் தோன்றுவதை நெருக்கக் காட்சியில் காணும் இன்றைய பார்வையாளர் வியப்படையலாம். மேடையில் இவ்வயது வேறுபாடு கேள்விக்குரியதே அன்று. அரிதாரமும் தொலைவும் அதை மறைத்துவிடும். திரைப்படமாக்கியோர் வேறு நடிகரை நாடாமல் அவரையே நடிக்கவைத்தது, மேடையின் மரபைத் திரைக்கு அப்படியே கொண்டுவந்ததற்கு முதல் தடயம்.

இரண்டாம் தடயம் பேச்சின் திசை. மோகன் பொதுக்கூட்டத்தில் உரையாற்றும் காட்சியில், படத்திற்குள் இருக்கும் கூட்டத்தைக் காட்டிலும் கொட்டகையில் அமர்ந்திருக்கும் கூட்டத்தை நோக்கியே அவர் பேசுகிறார். வசனத்திற்குப் பின் ஒரு சிறு இடைவெளி விடுகிறார். அது சிரிப்பும் கைதட்டலும் எழுந்து அடங்குவதற்கு மேடையில் பழகிய இடைவெளி. வேறொரு நடிகரின் படத்தில் இது தொகுப்பின் குறையாகத் தோன்றும். இங்கே ஆயிரக்கணக்கான இரவுகளில் அவையோர் கற்பித்த கால அளவு அது. படத்திலிருந்து மேடைப் பார்வையாளரை மீட்க விரும்பும் ஆய்வாளர் ராதாவின் வசனங்களைவிட அவர் பேசாத நொடிகளை அளந்து பார்ப்பது பயனளிக்கும்.

மூன்றாவது, எதிர்மறைத் தலைவன். தாயை உதைப்பவன், மனைவியை இழிப்பவன், உழைப்பாளரை ஏளனம் செய்பவன். ஆயினும் கூட்டத்தின் சிரிப்பு அவன் பக்கமே நிற்கிறது. அவனது ஏளனம் சாத்திரம், சடங்கு, பணக்காரப் பகட்டு ஆகியவற்றையும் விட்டுவைப்பதில்லை. இழிந்தவன் வாயிலிருந்து இயக்கத்தின் கருத்துகள் வருகின்றன. நல்லவனான பாலு சொல்லியிருந்தால் அறிவுரையாகச் சலித்திருக்கும். பபூனுக்குரிய உரிமையைக் கதைத்தலைவன் கைக்கொண்டான் என மேலே கூறப்பட்டது இங்கே தெளிவாகிறது.

தண்டனையாக வரும் நோய்

இந்நாடகத்தின் வலிமையைப் போற்றும் எழுத்துகள் அதன் உள்முரண் ஒன்றை எளிதாகக் கடந்துவிடுகின்றன. மோகனுக்குத் தொழுநோய் வருகிறது. கதை அந்நோயை அவனது பரத்தை நட்புக்கும் தாயைப் பழித்ததற்கும் கிடைத்த கூலியாகவே காட்டுகிறது. தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை ஹான்சன் 1873இலேயே கண்டறிந்துவிட்டார். 1940களில் அதற்குப் பயனுள்ள மருந்தும் வந்துவிட்டது. ஊழ்வினையை மறுத்த ஓர் இயக்கத்தின் புகழ்பெற்ற நாடகம், நோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டும் பழைய நம்பிக்கையின்மீதே தன் உச்சக்காட்சியை எழுப்பியிருப்பது கவனத்துக்குரியது. தொழுநோயாளர்மீது சமூகம் கொண்டிருந்த அருவருப்பை இந்நாடகம் குறைத்ததா, வளர்த்ததா என்னும் வினாவும் தவிர்க்க இயலாதது. வளர்த்திருக்கவே கூடும்.

ஆனால் ராதாவின் நடிப்பு இம்முரணை முழுவதும் கதைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. நோயுற்ற மோகன் அழுது இரக்கம் வேண்டும் பாத்திரமாக மாறுவதில்லை. கைகால் முடங்கியபின்னும் அவனது கிண்டல் நிற்பதில்லை. பிச்சையிட வருவோரையும் அவன் கேள்வி கேட்கிறான். தண்டனை பெற்றவன் பணிந்துபோக வேண்டும் என்னும் நீதிக்கதை மரபை அக்குரல் மீறுகிறது. இறுதியில் தன் மனைவியைத் தன் நண்பனுக்கு மணமுடித்து வைக்கிறான். தனக்குச் சிலை வைத்துப் பிறருக்குப் பாடமாக்குமாறு கேட்கிறான். கணவன் உயிரோடிருக்கையில் மனைவிக்கு மறுமணம் என்பது 1954இல் துணிவான முடிவு. சென்னை மாநிலத்தில் 1949இல் இயற்றப்பட்ட இருதார மணத்தடைச் சட்டம் மணவிலக்குக்கும் வழிசெய்திருந்தது; நாடு முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் வந்தது 1955இல். தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாக அச்சட்டம் வைத்திருந்தது; அக்காரணம் நீக்கப்பட்டது 2019இல்தான். நோயைப் பற்றிய நாடகத்தின் பார்வை அக்காலச் சட்டத்தின் பார்வையிலிருந்து அதிகம் விலகியதன்று. பெண்ணின் மறுமணம் பற்றிய பார்வையோ சட்டத்துக்கும் முன்னே சென்றது.

நாடகம் தமிழ் எல்லையைத் தாண்டியது. தெலுங்கு மேடையில் நாகபூஷணம் இதனை நெடுங்காலம் நடித்து, ‘ரக்தகண்ணீரு நாகபூஷணம்’ என்றே அழைக்கப்பட்டார். கன்னடத்தில் 2003இல் உபேந்திரா நடிப்பில் திரைப்படமாகியது. தமிழில் ராதாவின் மகன் ராதாரவி இதனை மீண்டும் மேடையேற்றினார். பிறர் நடிக்கும்போது கதை நிற்கிறது. அன்றைய செய்தியோடு பேசும் பழக்கம் எந்த அளவுக்கு நின்றது என்பது மொழிவாரியாகத் தனியே ஆராயத்தக்கது.

துணைப் பாத்திரங்களில் ஒரு மேடை

1954க்குப் பின் ராதா மிகுந்த எண்ணிக்கையில் படங்களில் நடித்தார். பெரும்பாலானவை வில்லன் அல்லது நகைச்சுவை கலந்த வில்லன் பாத்திரங்கள். ‘பாகப்பிரிவினை’யில் (1959) சிங்கப்பூரிலிருந்து வந்து ஒன்றுபட்ட குடும்பத்தைப் பிளக்கும் பாத்திரம், வெளிநாட்டிலிருந்து திரும்பி ஊரை ஏளனம் செய்யும் மோகனசுந்தரத்தின் நிழல் அதில் தெளிவாக விழுகிறது. ‘பாவமன்னிப்பு’ படத்தில் (1961) வைர வியாபாரி ஆளவந்தார், ‘புதிய பறவை’யில் (1964) மிரட்டிப் பணம் பறிக்கும் ரங்கன், ‘சித்தி’யில் (1966) இளம்பெண்ணை மணக்கும் முதியவர் எனப் பல வடிவங்கள். இயக்குநர்கள் அவரிடமிருந்து விரும்பியது அந்தக் குரலை. கொடியவனின் கொடுமையைச் சிரிப்பாக்கும் அக்குரல், பீம்சிங், கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் ஆகியோரின் கண்ணீர்க் குடும்பக் கதைகளுக்கு வேண்டிய காற்றோட்டத்தைக் கொடுத்தது.

‘பலே பாண்டியா’ (1962) தனியே குறிக்கத்தக்கது. சிவாஜி மூன்று வேடங்களிலும் ராதா இரண்டு வேடங்களிலும் நடித்த இப்படம் மிகக் குறைந்த நாள்களில் எடுக்கப்பட்டது. பாட்டுக் கச்சேரிக் காட்சியில் சிவாஜி பாட, ராதா கொன்னக்கோல் சொல்கிறார். பாடத் தெரியாததால் ராஜபார்ட் கிடைக்காத ஒருவர், ஒரு காலத்தில் தம்மோடு குழுவில் பயின்ற இளையவரின் பக்கத்தில் அமர்ந்து, உதட்டையும் புருவத்தையும் மட்டுமே கொண்டு ஒரு கச்சேரியைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதை இக்காட்சியில் காணலாம். இருவரும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளும் விதத்தில், ஒத்திகையைவிடக் குழுவில் பெற்ற பழக்கமே தெரிகிறது.

ஆனால் இப்பாத்திரங்களில் அரசியல் மெலிந்துவிட்டது. கிண்டலின் தொனி நின்றது. அதன் இலக்கு மாறியது. சாத்திரத்தை நோக்கியிருந்த ஏளனம் கதாநாயகனையும் மாமியாரையும் வேலைக்காரனையும் நோக்கித் திரும்பிற்று. திரைத்தொழிலில் அவர் பெற்ற பெருவெற்றியின் விலை இது.

சிறையும் வாய்மொழி நூலும்

1967 சனவரி 12ஆம் நாள் இராமாவரம் தோட்ட இல்லத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில வாரங்களில் நடந்த தேர்தலில், மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். குண்டுபட்டதால் அவரது பேச்சின் தெளிவு பின்னர் நிலையாக மாறிப்போனது. குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற ராதா சில ஆண்டுகள் சிறையிலிருந்தார். ‘லட்சுமிகாந்தன்’ வழக்கை மேடையேற்றியவர், இருபதாண்டுகள் கழிந்து, தமிழகம் அதே அளவு பரபரப்போடு பின்தொடர்ந்த ஒரு வழக்கின் குற்றவாளிக் கூண்டில் நின்றார். இவ்வழக்கைப் பற்றிய எழுத்து ஏற்கெனவே மிகுதி என்பதால் இங்கே விரித்துரைக்கப்படவில்லை.

நாடக ஆய்வுக்கு அவ்வழக்கின் பயன் வேறொன்று. சிறைவாழ்வுக்குப் பின் எழுத்தாளர் விந்தன் ராதாவோடு நிகழ்த்திய உரையாடல்கள் ‘தினமணி கதிர்’ இதழில் தொடராக வந்து, ‘நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் சிறைச்சாலைச் சிந்தனைகள்’ என நூலாயின. அவரது இளமை, குழுவாழ்க்கை, மேடை மோதல்கள் ஆகியவற்றைப் பற்றிய இன்றைய செய்திகளுள் பெரும்பகுதிக்கு இந்நூலே மூலம். இதனை வாழ்க்கை வரலாறாகவன்றி ஒரு நிகழ்த்துதலாகப் படிப்பது நலம். கேட்பவர் ஒருவர் எதிரில் இருக்க, அவரைச் சிரிக்கவைக்கும் நோக்கோடு, நாற்பதாண்டு பழகிய உத்தியால் நிகழ்ச்சிகளை ராதா கதையாக்குகிறார். தேதிகளுக்கும் எண்ணிக்கைகளுக்கும் இதனை மட்டும் நம்புவது பிழையாகும். டி.கே.சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ அவரே எழுதிய, ஊரும் நாளும் ஒழுங்குபடக் குறிக்கும் நூல். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மேற்கோள் காட்டும் வழக்கம் திருத்தத்துக்குரியது. எனினும் ராதாவின் மேடைப்பேச்சு எவ்வாறு ஓடியிருக்கும் என்பதற்குத் திரைப்படத்தைக் காட்டிலும் விந்தனின் நூல் சில இடங்களில் நெருங்கிய சான்றாக அமைகிறது. அதில் பேச்சு வழிதவறுகிறது, திரும்பி வருகிறது, கேட்பவரின் குறுக்கீட்டைப் பற்றிக்கொள்கிறது. சான்றிதழுக்கு அனுப்பப்படும் படத்தில் இவற்றுக்கு இடமில்லை.

விடுதலைக்குப் பின் ராதா மீண்டும் மேடையேறினார்; ‘சமையல்காரன்’ (1974) உள்ளிட்ட சில படங்களிலும் நடித்தார். 1979 செப்டம்பர் 17ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் காலமானார். அது பெரியாரின் பிறந்தநாள்.

அவரது மேடைக்குரிய எழுத்துச் சான்றுகளைத் தேடுவோர் பொதுவாக நாடக நூல்களையும் இயக்க இதழ்களையுமே நாடுகின்றனர். ஊர்தோறும் ஒட்டப்பட்ட விளம்பரத்தாள்கள், தடையாணைகள், அவற்றை எதிர்த்த மனுக்கள், நாடகத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்து அனுப்பிய காவலரின் அறிக்கைகள் ஆகியவை நாடகத்தை வெறுத்தவர்களும் கண்காணித்தவர்களும் உருவாக்கியவை. ஒப்படைக்கப்பட்ட பிரதியில் இல்லாத எதை ராதா அன்றிரவு பேசினார் என்பதைக் குறித்துவைக்க வேண்டிய தேவை அவர்களுக்கே இருந்தது. எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் 1950களின் அரசாணைக் கட்டுகளை இந்நோக்கில் பிரித்துப் பார்ப்பது அடுத்த பணியாகும்.